நோய்க்கிருமிகளின் ஆர்.என்.ஏ. ஆய்வு: மகளின் விருப்பமும் உங்கள் கவலையும்

மதிப்பிற்குரிய அம்மா,

பி.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் நோய்க்கிருமிகளின் ஆர்.என்.ஏ. மாற்றங்களை ஆராய விரும்புவதாகவும், இவ்வளவு குறுகிய துறையை நம்பி எப்படி அனுப்புவது என்றும் கேட்டிருந்தீர்கள். துறை குறுகியதன்று, ஆனால் நுண்ணுயிரியல் மட்டும் அதற்குப் போதாது.

டி.என்.ஏ.விலுள்ள மரபுச் செய்தியைப் படியெடுத்து உருவாகும் மூலக்கூறே ஆர்.என்.ஏ.; அது உருவான பின் நொதிகள் அதன் குறிப்பிட்ட இடங்களில் மெத்தில் போன்ற சிறு வேதித் தொகுதிகளைச் சேர்க்கின்றன. காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான பி.சி.ஜி. பாக்டீரியா ஆக்சிஜன் குறைந்த சூழலில் சிக்கும்போது, புரதம் கட்டுவதற்கான அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் அதன் கடத்து ஆர்.என்.ஏ.க்களில் இம்மாற்றங்களின் அளவு மாறி, நெருக்கடியைத் தாங்கி ஒடுங்கிக் கிடக்க உதவும் புரதங்கள் கூடுதலாக உற்பத்தியாகின்றன என்பதைச் சிங்கப்பூர் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2016-இல் காட்டினர். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவில், கடத்து ஆர்.என்.ஏ.வில் மெத்தில் சேர்க்கும் டிரம்-ஜே நொதியை நீக்கினால், கிருமிகளைக் கொல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தாங்கும் திறன் குறைகிறது. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாவில் கடத்து ஆர்.என்.ஏ.வில் நிகழும் குவியோசின் என்ற மாற்றத்துக்கான நொதி இல்லையென்றால், குடல் செல்களுக்குள் புகும் மரபணுக்களை முடுக்கிவிடும் விர்-எஃப் புரதம் குறைந்து, நோயுண்டாக்கும் வீரியமும் தளர்கிறது. மருந்து எதிர்ப்பிலும் இதற்குப் பங்குண்டு: புரதம் கட்டும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.விலுள்ள ஒரேயோர் அடினின் காரத்தில் மெத்தில் சேர்ந்தால் எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியால் அங்கே ஒட்ட முடிவதில்லை. காசநோய்க் கிருமியோ, மெத்தில் சேர்க்கும் ஒரு நொதியை இழப்பதன் மூலமும் கேப்ரியோமைசின் என்ற காசநோய் மருந்திலிருந்து தப்பிக்கிறது.

இம்மாற்றங்களை அளக்க மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியும், நுண்துளை வழியே ஆர்.என்.ஏ. இழையைச் செலுத்தி அதன் வரிசையைப் படிக்கும் நானோபோர் வரிசையறிதலும், அவை தரும் தரவுகளை அலசக் கணினி நிரலாக்கமும் வேண்டும். எனவே வேதியியலையும் புள்ளியியலையும் அவர் இப்போதே பிடித்துக்கொள்வது அவசியம். ஆய்வுப் பணி கிடைக்கத் தாமதமானாலும், மருந்து நிறுவனங்களின் பகுப்பாய்வுக் கூடங்களில் இத்திறன்களுக்கு இடமுண்டு.

எம்.எஸ்சி. சேர்க்கைக்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம், உயிரித்தொழில்நுட்பப் படிப்புகளுக்கான காட்-பி ஆகிய நுழைவுத் தேர்வுகளை எழுதச் சொல்லுங்கள். கல்லூரியின் பெயரைவிட, ஓராண்டாவது ஆய்வுக்கூடத்தில் கைப்பழக்கம் தரும் பாடத்திட்டமா என்பதைப் பாருங்கள். பின்னர் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கின்றன. முனைவர் பட்டத்துக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதை மட்டும் குடும்பமாகப் பேசி ஏற்றுக்கொள்ளுங்கள்.

கிருமியோடு பழகுவதால் நோய் தொற்றிவிடுமோ என்ற அச்சம் இயல்பானது. தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் வீரியம் குறைந்த வகைகளிலேயே பழகுவார்கள். உண்மையான காசநோய்க் கிருமியை மூன்றாம் நிலை உயிரியல் பாதுகாப்புக் கூடத்தில், பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாளுவார்கள்.

இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதமிகள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கு இவ்வாண்டே அவர் விண்ணப்பிக்கட்டும். இரண்டு மாதங்கள் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்துவிட்டு வந்த பிறகும் விருப்பம் குறையவில்லையென்றால், தயங்காமல் அனுப்புங்கள்.