அப்பாவின் மணிவிழாவுக்கு நானே வாழ்த்து அட்டை செய்து கொடுத்தால் யாராவது மதிப்பார்களா?

"அடுத்த மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம்; கடையில் வாங்காமல் நானே வாழ்த்து அட்டை செய்து கொடுக்க ஆசைப்படுகிறேன்; இந்தக் காலத்தில் அதை யாராவது மதிப்பார்களா, செய்வதென்றால் எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதியைப் படித்ததுமே, உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. யாரும் சிரிக்காத வீட்டிலிருந்து இந்தக் கேள்வி வராது. சிலர் மதிக்கமாட்டார்கள், அதை நீங்கள் தடுக்கவும் முடியாது. எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு மட்டும் என்னிடம் உறுதியான பதில் உண்டு. உறையிலிருந்து தொடங்குங்கள். அட்டையை முழுதாகச் செய்து முடித்துவிட்டு அதற்குப் பொருந்தும் உறையைத் தேடி அலைகிறவர்கள், என்னைப் போல இரண்டு முறையாவது அவமானப்படுவார்கள்.

நான் ஓவியம் கற்றவள் அல்ல. ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டு விசேஷங்களுக்கு அட்டை செய்து வருகிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. ஆகவே நுணுக்கம் அறிந்தவர்கள் யாராவது கீழே வந்து இதெல்லாம் கலையே அல்ல என்று எழுதினால் நான் மறுக்கப்போவதில்லை.

முதல் அவமானம் 1991 பொங்கலின்போது நேர்ந்தது. அப்போது நான் மன்னார்குடியில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். மார்கழி பாதி கடந்ததும் பெட்டிக்கடை வாசல்களில் கயிறு கட்டி, சிவகாசியில் அச்சான வாழ்த்து அட்டைகளை வரிசையாகத் தொங்கவிடுவார்கள். கரும்பும் பானையும் ஒரு வரிசை, சாமி படங்கள் ஒரு வரிசை, நடிகர்கள் ஒரு வரிசை. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, மதுரையிலிருந்த அத்தைக்கு நானே ஒன்று செய்தேன். சார்ட் பேப்பரில் பானையை வரைந்து, அதன் உடலுக்குத் துவரையும், கழுத்துக்குக் கேழ்வரகும், பொங்கி வழியும் நுரைக்குப் பச்சரிசியும், கரும்புக்குப் பாசிப்பயறும் ஒட்டி, கோலத்துக்குக் கடுகு வைத்தேன். இரண்டு நாள் காய்ந்த பிறகும் கையில் எடுத்தால் நான்கு தானியம் உதிர்ந்தது. அந்த நாட்களில் வாழ்த்து அட்டைகளை ‘புக் போஸ்ட்’ என்று மேலே எழுதி, உறையை ஒட்டாமல் மடிப்பை உள்ளே செருகி, குறைந்த கட்டணத்தில் அனுப்புவது வழக்கம். நான் ‘புக் போஸ்ட்’ என்றும் எழுதினேன். தானியம் சிந்திவிடக் கூடாதென்று உறையை ஃபெவிகால் தடவி இறுக்கமாக ஒட்டியும் விட்டேன்.

ஒட்டிய உறை தபால்காரர்களின் கணக்கில் கடிதம்தான். அதுவும் என்னுடையது எடை மிகுந்த கடிதம். ஒட்டிய தபால்தலை போதவில்லை என்றால், குறைந்த தொகையின் இரு மடங்கைப் பெறுகிறவரிடம் வசூலிப்பது தபால் துறையின் விதி. போகிப் பண்டிகையன்று மாமா வாசலில் நின்று அந்தத் தொகையைக் கொடுத்து என் வாழ்த்தை வாங்கியிருக்கிறார். உள்ளே பார்த்தால், தேதி முத்திரையின் அடி சரியாகப் பானையின் நடுவில் விழுந்து துவரை நொறுங்கியிருந்தது. அத்தை கோபப்படவில்லை; "பானை உடைந்து வந்தது, பயறு பாயசத்துக்குப் போதவில்லை" என்று கேலியாகத்தான் கடிதம் எழுதினார். ஆனால் அந்த வீட்டுப் பாட்டி, நல்ல நாளில் உடைந்த பானையா வர வேண்டும் என்று முகம் சுளித்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். காசு கொடுத்து வாங்கிய வாழ்த்து என்ற பேச்சு அந்தக் குடும்பத்தில் இன்றும் நிற்கவில்லை.

இரண்டாவது அவமானம்தான் இன்னும் ஆறவில்லை. 2002-இல் என் பெரியப்பா மகளுக்குத் திருமணம். நான்கு இரவுகள் விழித்திருந்து, திறந்தால் இருபுறமும் வாழைமரத்தோடு ஒரு பந்தல் எழுந்து நிற்கும்படி அட்டை ஒன்று செய்தேன். அன்பளிப்பாக ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழை முந்தின நாளே வீட்டில் அவளிடம் கொடுத்துவிட்டேன். அட்டையை மட்டும் வெள்ளை உறையில் போட்டு மேடையில் கொடுத்தேன். அவள் அதை வாங்கிப் பக்கத்தில் நின்ற தோழியிடம் கொடுக்க, தோழி அதை மஞ்சள் பையில் போட, பை நேராக மொய் எழுதும் மேசைக்குப் போய்விட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவர் அனுபவசாலி. நோட்டு கிழியாமலிருக்க உறையை மேசையில் தட்டி, உள்ளிருப்பதை ஒரு முனைக்கு ஒதுக்கிவிட்டு, மறுமுனையைக் கிழிப்பார். என் அட்டை உறைக்குள் இடமே இல்லாமல் இறுகிக் கிடந்ததால் தட்டினாலும் நகரவில்லை. அவர் கிழித்த கிழிப்பில் ஒரு பக்கத்து வாழைமரம் போயிற்று. பிறகு அதை விரித்துப் பார்த்து, உதறியும் பார்த்து, "பேப்பர் பொம்மைதான் இருக்கிறது, பணம் இல்லையே" என்று சுற்றியிருந்தவர்கள் கேட்கும்படி சொல்லிவிட்டு, நோட்டில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். "காகிதத்தை வெட்டியே காரியத்தை முடித்துக்கொண்டாள்" என்று ஒரு சித்தி சொன்னது பந்தி வரைக்கும் வந்து சேர்ந்தது. வெள்ளிச் சிமிழைப் பற்றி நானே எப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

அந்த மனிதரைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்யாண வீட்டில் வெள்ளை உறை என்றால் உள்ளே பணம் என்பது ஊரறிந்த வழக்கம். அந்த வழக்கத்துக்குள் வேறொன்றைத் திணித்தவள் நான். சித்தியை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

இனி உங்கள் அப்பாவின் அட்டைக்கு வருகிறேன். 2006-இல் என் அப்பாவின் மணிவிழாவுக்கு நான் செய்தது இந்த நிகழ்ச்சிக்கென்றே பிறந்த வடிவம் என்று இப்போதும் நினைக்கிறேன்; நீங்களும் செய்யலாம். தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. ஒருவர் பிறந்த ஆண்டின் பெயர் அறுபது வயது நிறையும்போது மறுபடியும் வருகிறது. உங்கள் அப்பா 1965 சித்திரைக்கும் 1966 பங்குனிக்கும் இடையே பிறந்தவர் என்றால் அவருடைய ஆண்டு விசுவாவசு. அதே பெயர் 2025 சித்திரையில் திரும்பி வந்தது. இதை ஒரு சுழலும் வட்டமாகச் செய்யலாம். பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தை வெட்டி, ஜியோமெட்ரி பெட்டியிலுள்ள கோணமானியால் ஆறு ஆறு பாகையாகப் பிரித்தால் சரியாக அறுபது கட்டங்கள் கிடைக்கும். விளிம்பில் ஒரு கட்டத்துக்கு ஆறு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய அகலம்தான் இருக்கும் என்பதால், பெயர்களை மையத்திலிருந்து விளிம்பை நோக்கி எழுத வேண்டும். பட்டியலில் நீளமான பெயர்களில் ஒன்றான ருத்ரோத்காரியை முதலில் எழுதிப் பார்த்து எழுத்தின் அளவை முடிவு செய்யுங்கள். இந்த வட்டத்தை அட்டையின் முகப்புக்குப் பின்னால் பொருத்தி, முகப்பில் ஒரு பெயர் மட்டும் தெரியும்படி சிறிய சன்னல் வெட்டினால், அப்பா பிறந்த ஆண்டிலிருந்து சுழற்றத் தொடங்கி ஒரு முழுச் சுற்றில் அதே பெயருக்கு வந்து சேரலாம்.

இதிலும் நான் தவறாமல் தவறு செய்தேன். விரலால் சுழற்றுவதற்காக வட்டத்தின் விளிம்பு அட்டைக்கு வெளியே சற்று நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தேன். உறைக்குள் நுழைக்கும்போதெல்லாம் அது மடங்கியது. பிறகுதான் வட்டத்தை உள்ளுக்கு நகர்த்தி, அட்டையின் ஓரத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு அரைவட்டமாக ஒரு வெட்டு கொடுத்தேன். மைய அச்சுக்குச் சட்டைப் பொத்தானைத் தைத்தபோது உறை அந்த இடத்தில் கொப்புளம் போல் புடைத்தது. பொத்தானைப் பிரித்துவிட்டு, காசு அளவுள்ள இரண்டு காகித வில்லைகளுக்கு நடுவே நூல் முடிச்சுப் போட்டதும் தட்டையாகிவிட்டது. நானும் உறையை முதலிலேயே வெட்டி மேசைமேல் வைத்திருந்தால் இந்த இரண்டு இரவுகள் மிஞ்சியிருக்கும். அட்டையைவிட உறை நீளத்திலும் அகலத்திலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். எழுந்து நிற்கும் வேலைப்பாடு ஏதாவது உண்டென்றால் அதைவிடச் சற்றுக் கூட்டுங்கள்.

அட்டைக்குப் பள்ளிக்கூடச் சார்ட் பேப்பரை வாங்காதீர்கள். அது நிமிர்ந்து நிற்காது. ஐவரி போர்டு என்று கேளுங்கள். சதுர மீட்டருக்கு 220 முதல் 300 கிராம் வரையிலான எடையில் கிடைக்கும். ஏ4 தாள் 210-க்கு 297 மில்லிமீட்டர்; பதினாறு தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 300 கிராம் அட்டையில் ஒரு தாள் பத்தொன்பது கிராமுக்கு அருகில் வரும். சாதாரண 80 கிராம் தாளில் செய்த உறை ஐந்து கிராம். இரண்டும் சேர்ந்தால், சாதாரணத் தபாலின் முதல் படியான 20 கிராமைத் தாண்டிவிடும். 220 கிராம் அட்டை என்றால், அதிகமாக எதுவும் ஒட்டாதவரை அந்த வரம்புக்குள் நிற்கும். அப்பாவுக்குக் கையில் கொடுக்கப்போகும் உங்களுக்கு இது தேவையில்லை. ஆனால் அட்டை செய்யத் தொடங்கியவர்கள் ஒன்றோடு நிறுத்துவதில்லை, அடுத்தது வெளியூர் அத்தைக்குத்தான் போகும்.

காகிதத்துக்கு இழையோட்டம் உண்டு. தாளை மடிக்காமல் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள்; எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த வளைவுக்கு இணையாக மடிப்பு விழுந்தால் சுத்தமாக இருக்கும், குறுக்கே விழுந்தால் மடிப்பின் முதுகு வெடித்து நார் தெரியும். மடிப்பதற்கு முன் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். ஃபெவிகாலில் நீர் இருப்பதால் மெல்லிய தாள் நெளியும். பெரிய பரப்புகளுக்கு இரு பக்கமும் ஒட்டும் டேப்பே நல்லது. ஜிகினாவை வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அது பந்தியில் சாம்பார் வரைக்கும் வரும். நான்கு மூலைகளிலும் மஞ்சள் வைப்பதென்றால் குழைத்துத் தடவாமல் உலர்ந்த தூளை விரலால் தேய்த்துவிடுங்கள். வெயில் பட்டால் நிறம் வெளுக்கும் என்றாலும் அன்றைக்கு அழகாக இருக்கும்.

எழுதுவதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்’ என்ற வரியைத் தெருமுனைப் பேனர்களுக்கு விட்டுவிடுங்கள். நான் எழுதியது இரண்டே வரி: "சைக்கிள் முன்கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்துப் பள்ளிக்கு அழைத்துப் போனீர்கள். கால் மரத்துப் போனதை நான் இன்றுவரை உங்களிடம் சொல்லவில்லை." இது உயர்ந்த எழுத்து என்று நான் சொல்லவில்லை, வேறு எந்த அப்பாவுக்கும் இதைக் கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

வேறு விசேஷங்களுக்கும் இப்படித்தான் பெறுகிறவரைப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வந்த பெரியப்பாவுக்கு மஞ்சள் அட்டையில் விரல் தடிமனில் கறுப்பு எழுத்து எழுதிக் கொடுத்தேன், கண்ணாடி இல்லாமலே படித்தார். எதிர்வீட்டு ரம்ஜான் அட்டைக்கு முகப்பில் பிறை வடிவத்தில் சன்னல் வெட்டி உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியது பத்தே நிமிட வேலை.

என் அப்பா அந்த அட்டையை எப்படி வாங்கிக்கொண்டார் என்று கேட்பீர்கள். சன்னலில் பார்வையை வைத்தபடி முழுச் சுற்றும் சுழற்றினார். பிறகு என்னைப் பார்த்து, "குரோதி இரண்டு தடவை வருகிறது, குரோதன எங்கே?" என்றார். முப்பத்தெட்டாவது ஆண்டையும் ஐம்பத்தொன்பதாவது ஆண்டையும் ஒன்றாகவே எழுதியிருக்கிறேன். சைக்கிளைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அட்டையின் பின்பக்கத்தில் பந்தல்காரர், நாதஸ்வரக்காரர், சமையல்காரர் மூவருக்கும் தர வேண்டிய பாக்கியைத் தன் பொடி எழுத்தில் கணக்கெழுதி வைத்திருந்தார். அவர் பிறந்த ஆண்டும் மணிவிழா ஆண்டும் விய. வடமொழியில் அந்தச் சொல்லுக்குச் செலவு என்று பொருள். ஒரு நாள் முழுக்க நான் அவரிடம் பேசவில்லை. ஆனால் பாக்கி தீரும்வரை அந்த அட்டை சாமி அலமாரியில் நாட்காட்டிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. பிறர் கடையில் வாங்கிக் கொடுத்த அட்டைகள் அதற்குள் எங்கே போயின என்று எவருக்கும் தெரியாது. இதை வெற்றி என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

கைப்பேசியில் வாழ்த்து அனுப்புவதை நான் தாழ்வாக நினைப்பதாகச் சிலர் எழுதக்கூடும்; நானும்தான் அனுப்புகிறேன். காகிதம் வீணாகிறது என்று சொல்பவர்கள், ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு எத்தனை தாள் ஆகிறது என்று எண்ணிவிட்டு வரட்டும்.

அட்டையை விழா நாளன்று மேடையில் கொடுக்காதீர்கள். முந்தின நாள் இரவு, சாப்பாடு முடிந்து அப்பா தனியாக உட்கார்ந்திருக்கும்போது, உறையை ஒட்டாமல், மேலே அவர் பெயரைப் பெரிதாக எழுதி, அவர் கையிலேயே கொடுங்கள். உறை வெள்ளை நிறத்தில் வேண்டாம். ஏதோ காரணத்தால் மண்டபத்தில்தான் கொடுக்க நேர்ந்தால், கொடுத்த பிறகு அது மஞ்சள் பைக்குள் போய்விடாமல் அருகிலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.