பேரனுக்கு ஒரு பேணி பிஸ்கட்

கேள்வி: என் தங்கையின் பேரன் லண்டனில் பிறந்து வளர்ந்தவன். பிரித்தானிய இராணுவத்தில் சேர்ந்து, இப்போது வேறொரு நாட்டில் பணியில் இருக்கிறான். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருக்கும் அவனுடைய தாய், "பெரியம்மா, உங்கள் கையால் ஏதாவது சுட்டு அனுப்புங்கள்" என்று கேட்கிறாள். என்ன சுடலாம்? எப்படி அனுப்பலாம்? வீட்டில் ஓவன் இல்லை. "இராணுவத்துக்குப் பலகாரமா?" என்று அயலிலும் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
– வாசகி, கோண்டாவில்

பதில்: அம்மா, அயலவரின் கேள்வியை முதலில் எடுக்கிறேன். அது நெஞ்சில் கிடக்கும்வரை மா குழைக்கக் கை வராது. இந்த ஊரில் இராணுவம் என்று கேட்டதும் முகம் மாறுகிறவர்களை என்னால் குறை சொல்ல முடியாது. காணாமற்போன பிள்ளைக்காக இன்னும் காத்திருக்கும் தாய்மார் உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கக்கூடும். அவர்களோடு வாதாட வேண்டாம். "தங்கையின் பேரனுக்குச் சுடுகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அது முழு உண்மை. அவன் தெரிந்தெடுத்த வேலை சரியா பிழையா என்பதற்கு நீங்கள் பொறுப்பாளி அல்ல. தாயைப் பிரிந்து தொலைவில் நிற்கும் பிள்ளைக்கு அம்மம்மா முறையான நீங்கள் பலகாரம் அனுப்புவதில் ஒளிப்பதற்கு எதுவும் இல்லை.

இனி அடுப்படிக்கு வருவோம். உங்கள் மனம் பயற்றம் பணியாரத்துக்கும் சீனி அரியதரத்துக்கும் போயிருக்கும். இம்முறை அவற்றை விடுங்கள். எண்ணெயில் பொரித்தவை பேணிக்குள் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தால் காறல் மணம் வரும். தேங்காய்ப்பூவில் ஈரம் இருந்தால் பூஞ்சணமும் பிடிக்கும். பருத்தித்துறை வடை நெடுநாள் கெடாது. ஆனால் அது மெல்லியது. தபாலில் போனால் தூளாகத்தான் கிடைக்கும்.

நான் சொல்வது அன்சாக் பிஸ்கட். முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் பெயரைத் தாங்கிய பிஸ்கட் இது. அந்த நாடுகளில் ஏப்ரல் 25ஆம் தேதி நினைவுநாளையொட்டி இன்றும் வீடுகளில் சுடுகிறார்கள். இதில் முட்டை இல்லை, பாலும் ஊற்றுவதில்லை. ஈரம் குறைவு என்பதால் நெடுநாள் தாங்கும். கோல்டன் சிரப் என்ற பாகுதான் மாவைப் பிடித்து வைக்கிறது. அதற்குப் பதிலாக நம்முடைய பனம்பாணியைச் சேருங்கள். பாணி நீர்த்திருந்தால் சற்றுக் காய்ச்சி இறுக்கிக்கொள்ளுங்கள். லண்டன் கடைப் பிஸ்கட்டில் கிடைக்காத சுவை அவனுக்கு அதில்தான் கிடைக்கும்.

ஓட்ஸ் ஒரு கப், கோதுமை மா ஒரு கப், சீனி முக்கால் கப், உலர்ந்த தேங்காய்த் துருவல் முக்கால் கப் எடுத்துக் கலந்து வையுங்கள். புதிதாகத் துருவிய தேங்காய் கூடவே கூடாது. பட்டர் 125 கிராமை இரண்டு மேசைக்கரண்டி பாணியோடு உருக்குங்கள். அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவை இரண்டு மேசைக்கரண்டி கொதிநீரில் கரைத்து அதில் ஊற்றினால் நுரைத்து எழும். அந்த நுரையோடு மாக்கலவையில் ஊற்றிப் பிசைந்து, சிறு தேசிக்காய் அளவில் உருட்டி, தட்டையாக அழுத்தி, இடைவெளி விட்டு அடுக்குங்கள். 160 பாகை செல்சியஸ் சூட்டில் பதினைந்து நிமிடம் போதும். நல்ல பொன்னிறம் வரவேண்டும். வெளிறிய பிஸ்கட்டில் ஈரம் மிச்சம் இருக்கும்.

ஓவன் இல்லை என்று கவலைப்படாதீர்கள். பக்கத்து வெதுப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். பாண் எடுத்த பிறகு போறணையில் தணிந்து நிற்கும் சூடு இந்தப் பிஸ்கட்டுக்கு நன்றாகப் பொருந்தும். முதலில் இரண்டை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு மீதியை வையுங்கள். எடுத்தவுடன் மென்மையாக இருக்கும், ஆற ஆறத்தான் மொறுமொறுப்பு வரும். இளஞ்சூடு இருக்கும்போது பேணியை மூடினீர்களோ, உள்ளே ஆவி வியர்த்து எல்லாம் ஈரமாகி மொறுமொறுப்புக் கெட்டுவிடும்.

ஒரு தடவைக்கு 25 முதல் 30 வரை கிடைக்கும். இரண்டு தடவை சுடுங்கள். பிரித்தானியக் காலாட்படையில் செக்‌ஷன் என்ற சிறு அணியில் எட்டுப் பேர். பார்சல் வந்தால் ஒருவன் தனியே இருந்து சாப்பிட முடியாது. மற்றவர்களும் தின்பார்கள் என்பதால் சேர்மானங்களை ஆங்கிலத்தில் எழுதி மூடியில் ஒட்டுங்கள். கச்சான் சேர்க்காதீர்கள். அது சிலருக்கு உயிராபத்தான ஒவ்வாமையைத் தரும்.

அனுப்புவதற்கு உங்கள் பெறாமகளே நல்ல வழி. திரும்பிப் போகும்போது அவளிடமே கொடுத்துவிடுங்கள். பட்டர் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டைப் பிரித்தானியாவுக்குள் கொண்டுபோகலாம். இறைச்சியும் பாலுணவும் இங்கிருந்து கொண்டுபோக முடியாது, ஆகவே நெய்ப்போத்தலை அவள் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே பி.எஃப்.பி.ஓ. என்ற படைத் தபால் சேவை இருக்கிறது. இராணுவ நடவடிக்கைப் பணியில் இருப்பவர்களுக்கு 2 கிலோ வரையான பொதியை அங்குள்ள தபாலகத்தில் இலவசமாகவே ஏற்றுக்கொள்வார்கள். பேணியின் எடையும் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால் பாரமான பேணி வேண்டாம். பிஸ்கட்டுகளை இரண்டிரண்டாக எண்ணெய்த்தாளில் சுற்றி, குலுக்கினால் சத்தம் வராதபடி கசக்கிய தாளால் இடைவெளியை அடைத்துவிடுங்கள். சவர்க்காரத்தை அதே பெட்டியில் வைத்தால் பிஸ்கட்டிலும் சவர்க்கார மணம்தான் இருக்கும். சுங்கப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

முகவரியில் அவனுடைய படை எண், பதவி, பெயர், பிரிவு, பி.எஃப்.பி.ஓ. எண் ஆகியவை இருக்க வேண்டும். நாட்டின் பெயரையோ ஊரின் பெயரையோ எழுதக் கூடாது. எழுதினால் பொதி அந்த நாட்டுச் சாதாரணத் தபாலுக்குள் போய்விடலாம். உங்கள் கடிதத்தில் இருந்த நாட்டின் பெயரை நானும் வேண்டுமென்றே இங்கு அச்சிடவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த முகவரியைப் போட வேண்டாம் என்று பெறாமகளிடம் சொல்லிவிடுங்கள்.