பல இயங்குதளங்களுக்கான பேக்கேஜ் அமைப்பில் பில்ட் ஆப்ஷன்களின் டிஃபால்ட்டை எப்படி முடிவு செய்வது, எப்படிப் பராமரிப்பது?

கேள்வி கேட்டவர் புதிதாக ஒரு பேக்கேஜைப் பராமரிக்க எடுத்திருக்கிறார். பில்டுக்கு முன் எதைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் அதன் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஏகப்பட்ட வசதிகளை நீட்டுகிறது. எதை ஆப்ஷனாக (பில்ட் செய்பவர் ஆன் அல்லது ஆஃப் செய்யக்கூடிய தேர்வாக) வைப்பது, எதை டிஃபால்ட்டாக ஆன் செய்வது, லினக்ஸ், மேக், நெட்பிஎஸ்டி என எல்லா இடத்திலும் அது உடையாமல் நிற்க என்ன வழி என்று கேட்கிறார். நான் பிகேஜிசோர்ஸில் சில பேக்கேஜ்களைக் கவனித்து வருகிறேன். நெட்பிஎஸ்டி திட்டத்தில் 1997-இல் ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸிலிருந்து பிரிந்து வளர்ந்த அமைப்பு அது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட இயங்குதளங்களில் ஓடுகிறது. அதை வைத்தே பதில் சொல்கிறேன். மற்ற பேக்கேஜ் அமைப்புகளான ஜென்டூவின் யூஸ் ஃப்ளாக், மேக்போர்ட்ஸின் வேரியன்ட், கோனனின் ஆப்ஷன் எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். உங்கள் பேக்கேஜைப் பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோர் ஆப்ஷன் பக்கமே வர மாட்டார்கள். ஏற்கெனவே கம்பைல் செய்து ரெடியாக இருக்கும் பைனரியை ஒரே கட்டளையில் இறக்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் வைத்த டிஃபால்ட்தான் அந்த மென்பொருள். அதனால் உங்கள் உழைப்பில் பெரும்பங்கு டிஃபால்ட்டைத் தேர்வதற்குப் போகட்டும். ஆப்ஷன்களைப் பெருக்குவதற்கு வேண்டாம்.

ஆப்ஷன்களைப் பெருக்கினால் என்ன ஆகும்? பத்து ஆன்-ஆஃப் ஆப்ஷன் இருந்தால் 1024 சேர்க்கைகள். அதை ஐந்தாறு இயங்குதளங்களால் பெருக்கிப் பாருங்கள். மொத்த பில்ட் ஓட்டங்களில் சோதிக்கப்படுவது பொதுவாக ஒரே ஒரு சேர்க்கை, அதாவது டிஃபால்ட். மற்றதெல்லாம் யாராவது தொட்டுப் பார்க்கும் வரை உடைந்திருப்பதே தெரியாது. இன்னொரு பேக்கேஜ் அமைப்பான ஹோம்ப்ரூ 2019-இல் வந்த 2.0 பதிப்பில் தன் முக்கியக் களஞ்சியத்திலிருந்து ஆப்ஷன்களை அடியோடு எடுத்துவிட்டது. சோதிக்க முடியாததை ஆதரிக்க முடியாது என்பது அவர்கள் வாதம். அது நியாயம்தான். ஆனால் அவர்களுக்கு மேக்கும் லினக்ஸும் மட்டுமே. டெஸ்க்டாப்பும் திரையே இல்லாத சர்வரும் பழைய வாக்ஸ் இயந்திரமும் ஒரே மரத்திலிருந்து, அதாவது ஒரே ரெசிபித் தொகுப்பிலிருந்து, பில்ட் செய்யும் இடத்தில் அந்த முடிவு ஒத்துவராது என்பது என் கருத்து. யூனிக்ஸ் சாளர அமைப்பான எக்ஸ்11 வேண்டாம் என்று சொல்லும் உரிமை சர்வர் வைத்திருப்பவருக்கு இருக்க வேண்டும்.

சரி, டிஃபால்ட்டில் எதை ஆன் செய்வது? நான் பார்ப்பது இதைத்தான்: அந்த மென்பொருளை நிறுவுபவர் அது செய்யும் என்று இயல்பாக எதிர்பார்க்கும் வேலைக்கு இந்த வசதி தேவையா? தேவை என்றால், சற்று எடை கூடினாலும் ஆன். மெயில் கிளையன்ட்டில், இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் இல்லாமல் இன்று பெரும்பாலான சர்வர்களோடு பேச முடியாது. அதை ஆப்ஷனாகவே வைக்காதீர்கள், உள்ளேயே கட்டிவிடுங்கள். எல்டாப் (பயனர் விவர அடைவு), கெர்பரோஸ் (உள்நுழைவுச் சரிபார்ப்பு) மாதிரி நிறுவனச் சூழலுக்கு மட்டும் தேவைப்படுபவை ஆப்ஷனாக இருக்கலாம், டிஃபால்ட்டில் ஆஃப். ஒரு வசதி புது டிபென்டன்சி (அதற்குத் தேவைப்படும் வேறு பேக்கேஜ்) எதையும் இழுத்து வரவில்லை, பத்து கிலோபைட்தான் கூடுகிறது என்றால் அதற்கு ஆப்ஷனே வேண்டாம். எப்போதும் ஆன்.

இன்னொரு வழி பலருக்கு முதலில் தோன்றாது: பேக்கேஜைப் பிரிப்பது. மென்பொருள் தன் வசதிகளை ஓடும்போது ஏற்றும் மாட்யூல்களாக வைத்திருந்தால், ஆப்ஷனுக்குப் பதில் தனிப் பேக்கேஜ் போடுங்கள். பிகேஜிசோர்ஸில் பிஎச்பியின் பல நீட்டிப்புகள் அப்படித்தான் தனித்தனியாக வருகின்றன. டெபியன் லினக்ஸில் மெயில் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸுக்கு எல்டாப், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இணைப்புகள் தனிப் பேக்கேஜ்கள். பைனரி மட்டும் பயன்படுத்துபவருக்கும் அப்போது தேர்வு கிடைக்கிறது, அவர் எதையும் கம்பைல் செய்ய வேண்டியதில்லை. ஆப்ஷன் என்பது சோர்ஸிலிருந்து கட்டுபவருக்கு மட்டுமே உதவும். இதை மறந்துவிட்டு, "அதுதான் ஆப்ஷன் இருக்கிறதே" என்று பைனரி பயனரிடம் சொல்வதில் அர்த்தமில்லை.

இனி கோப்பைத் திறந்து பார்ப்போம். பிகேஜிசோர்ஸில் ஆப்ஷன் உள்ள ஒவ்வொரு பேக்கேஜின் அடைவிலும் ஆப்ஷன்களுக்கென்று ஒரு சிறு மேக்ஃபைல் துண்டு இருக்கும். அதில் முதலில் பயனர் அமைக்க வேண்டிய மாறியின் பெயர், அடுத்து ஆதரிக்கப்படும் ஆப்ஷன்களின் பட்டியல், அடுத்து பரிந்துரைக்கப்படும் பட்டியல். இந்தக் கடைசிதான் டிஃபால்ட். பிறகு பொதுவான ஆப்ஷன் கோப்பை இன்க்ளூட் செய்து, அதற்குக் கீழே ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஒரு இஃப் பகுதி. இன்க்ளூட் வரிக்கு முன்னால் இஃப் எழுதிவிட்டால் மாறி காலியாகவே இருக்கும், ஆப்ஷன் ஒருபோதும் ஆன் ஆகாது.

தீர்மானிக்கும் வரிசையும் முக்கியம். பராமரிப்பவர் பரிந்துரைத்ததை முதலில் எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் பயனர் தன் அமைப்பு முழுவதற்கும் சொன்னது, அதற்கும் மேல் இந்த ஒரு பேக்கேஜுக்கு மட்டும் சொன்னது. பெயருக்கு முன் கழித்தல் குறி போட்டால் அந்த ஆப்ஷன் ஆஃப். சர்வர் நிர்வாகி, அமைப்பு முழுவதற்குமான எம்கே.கான்ஃப் கோப்பில் "-எக்ஸ்11" என்று ஒரே ஒரு முறை எழுதினால் மரம் முழுக்க அது செல்லும். ஆனால் நீங்கள் உங்கள் பேக்கேஜில் அதே வசதிக்கு "ஜியூஐ" என்று வேறு பெயர் வைத்திருந்தால் செல்லாது. அதனால் புதுப் பெயர் வைக்கும் முன் பொதுவான ஆப்ஷன் விவரக் கோப்பைப் படியுங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் பெயர், அதே பொருளில் இருந்தால், அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இஃப் பகுதியில் பலர் கோட்டை விடுவது எல்ஸ் கிளையில். எல்டாப் ஆன் என்றால் "வித் எல்டாப்" என்று கான்ஃபிகருக்குச் சொல்கிறார்கள். ஆஃப் என்றால் ஒன்றும் சொல்வதில்லை. அப்போது கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் தானாகத் தேடிப் பார்க்கும். உங்கள் இயந்திரத்தில் ஓபன்எல்டாப் இருந்தால் இணைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் விட்டுவிடும். ஒரே ரெசிபி, இரண்டு இயந்திரம், இரண்டு விதமான பைனரி. பில்ட் சர்வரில் இருந்த லைப்ரரியோடு இணைந்த நிரல் பயனரின் இயந்திரத்தில் லைப்ரரி இல்லை என்று தொடங்கவே மறுக்கும்; டிபென்டன்சி பட்டியலில் அது எழுதப்பட்டிருக்காது. பிகேஜிசோர்ஸின் பில்ட்லிங்க் அமைப்பு, அறிவிக்கப்படாத தலைப்புக் கோப்புகளையும் லைப்ரரிகளையும் கம்பைலரின் கண்ணிலிருந்து மறைத்து இதைப் பெருமளவு தடுக்கிறது. ஆனால் அடிப்படை இயங்குதளத்திலேயே இருப்பதை அது மறைக்காது. ஆகவே எல்ஸில் "விதவுட் எல்டாப்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டுக்குப் பதில் மீசான் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்தும் மென்பொருளில் "ஆட்டோ" நிலையில் இருக்கும் வசதிகளையும் இதே போல ஆன் அல்லது ஆஃப் என்று கட்டிப் போடுங்கள்.

கோப்புப் பட்டியலையும் மறக்க வேண்டாம். ஆப்ஷனால் மட்டும் நிறுவப்படும் கோப்பு பட்டியலில் நிபந்தனையோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆப்ஷனை மாற்றியவருக்கு பேக்கேஜ் கட்டும் கடைசிக் கட்டத்தில் பிழை வரும். ஒரு மணி நேரம் கம்பைல் ஆன பிறகு.

இயங்குதளத்துக்கு ஏற்ற டிஃபால்ட் என்பது தனிக்கதை. ஆல்சா லினக்ஸ் கெர்னலின் ஒலி அமைப்பு. அதை லினக்ஸில் மட்டும் பரிந்துரைக்கலாம், அதற்கென்றே இயங்குதளப் பெயரோடு சேர்த்து எழுதும் வசதி இருக்கிறது. ஈமாக்ஸ் மாதிரி ஒன்றில், மேக்கில் அதன் சொந்தச் சாளர அமைப்பும் மற்ற இடங்களில் எக்ஸ்11-உம் இருப்பது இயல்பு. இவை ஒன்றையொன்று விலக்குபவை, எனவே தனித்தனி ஆப்ஷனாக வைக்காமல் ஒரு குழுவில் வையுங்கள். இரண்டும் ஆன் என்று வெவ்வேறு இடத்தில் எழுதியிருந்தாலும், அந்தப் பேக்கேஜுக்கு மிக நெருக்கமாகச் சொன்னது மட்டுமே ஆன் ஆகும்.

இதில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ரஸ்ட் நிரல்மொழி. எஸ்விஜி படங்களைக் காட்டும் லிப்ஆர்எஸ்விஜி 2017-இல் வந்த 2.41-இலிருந்து ரஸ்ட்டைக் கேட்கிறது. ஏஎம்டி64 இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எஸ்விஜியை ஆன் செய்வது ஒரு சொல். வாக்ஸ், எம்68கே போன்ற பழைய செயலிகளில் நெட்பிஎஸ்டி ஓட்டுபவருக்கு அங்கே ரஸ்ட் கம்பைலரே இல்லாததால், அந்த ஒரு சொல்லால் உங்கள் பேக்கேஜும் அதைச் சார்ந்த அத்தனையும் கை நழுவிப் போகும். எனவே ரஸ்ட் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிடைத்தால் மட்டும் எஸ்விஜியைப் பரிந்துரையுங்கள். நாலு வரி நிபந்தனைதான், ஒரு இயங்குதளமே பிழைத்துப் போகும்.

உரிமம் டிஃபால்ட்டைத் தீர்மானிக்கும் இடங்களும் உண்டு. ஒலி, வீடியோ கோப்புகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக்கின் உரிமம் தானாக எல்ஜிபிஎல். வீடியோ என்கோடரான எக்ஸ்264 சேர்த்தால் முழுவதும் ஜிபிஎல் ஆகும், அதில் சிக்கல் இல்லை. ஒலி என்கோடரான எஃப்டிகே-ஏஏசி-யை ஜிபிஎல் பகுதிகளோடு சேர்த்துக் கட்ட "நான்ஃப்ரீ" என்று சொல்லியாக வேண்டும். அப்படிக் கட்டிய பைனரியை யாருக்கும் விநியோகிக்க முடியாது. ஒலித்தரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது டிஃபால்ட்டில் ஆஃப்தான். வேண்டுபவர் தன் இயந்திரத்தில் தானே கட்டிக்கொள்ளட்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் இருப்பது வெளியானது. அதன் இலக்கு எஸ்எஸ்எச் சர்வர். ஆனால் ஓபன்எஸ்எஸ்எச்-இன் மூல நிரல் அந்த லைப்ரரியைத் தொடுவதே இல்லை. டெபியன், ஃபெடோரா போன்றவை, சர்வர் தயார் என்று, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்ல ஒரு பேட்ச் சேர்த்தன. அது லிப்சிஸ்டம்டியை இழுத்தது, அது எக்ஸ்இஸட்டின் லைப்ரரியை இழுத்தது. அந்தத் தகவலைச் சொல்ல ஒரு சாக்கெட்டில் சில பைட்கள் எழுதினால் போதும், ஓபன்எஸ்எஸ்எச் 9.8 பிறகு அதைத் தானே அப்படித்தான் செய்தது. டிஃபால்ட்டில் ஒன்றை ஆன் செய்யும் முன், அது நேரடியாக இழுப்பதை மட்டும் பார்க்காமல், அதற்குப் பின்னால் வருவதையும் எண்ணிப் பாருங்கள். இணையத்தை நோக்கி நிற்கும் நிரலுக்கு இதில் இரட்டிப்புக் கண்டிப்பு வேண்டும்.

அப்புறம், ஏற்கெனவே இருக்கும் டிஃபால்ட்டை மாற்றுவது. 2024 மே மாதம் டெபியனின் வளர்ச்சிக் கிளையில் கீபாஸ்எக்ஸ்சி பேக்கேஜிலிருந்து பிரௌசர் இணைப்பு உட்பட கூடுதல் வசதிகள் எல்லாவற்றையும் நீக்கி, முழு வசதிகளோடு இன்னொரு பெயரில் பேக்கேஜ் வைத்தார்கள். கடவுச்சொல் காக்கும் நிரலில் தாக்குபரப்பு குறைய வேண்டும் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் பழைய பெயரை வைத்திருந்தவர்கள் அப்டேட் செய்ததும் பிரௌசர் இணைப்பு காணாமல் போனது. புகார்கள் அந்த மென்பொருளை எழுதியவர்களிடம் போய் நின்றன. என் நிலை இதில் உறுதியானது: இருக்கும் பெயர் இருக்கும் நடத்தையைத் தொடர வேண்டும். மெலிந்த வடிவம் வேண்டுமென்றால் புதுப் பெயரை அதற்குக் கொடுங்கள்.

தவிர்க்க முடியாமல் மாற்றும்போது பேக்கேஜின் திருத்த எண்ணைக் கட்டாயம் உயர்த்துங்கள். மூல நிரல் பதிப்பு மாறாததால் எண்ணை அப்படியே விட்டுவிட்டால், ஒரே எண்ணில் இரண்டு வேறு பைனரிகள் உலவும், அப்டேட் கருவிக்கும் மாற்றம் தெரியாது. ஆப்ஷனின் பெயரை மாற்றினால் பழைய பெயரைப் புதியதோடு இணைக்கும் வரியைச் சேர்த்துவிடுங்கள். பழைய பெயர் எழுதி வைத்திருப்பவருக்கு எச்சரிக்கை வரும், பில்ட் நிற்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரியும் நிலையான காலாண்டுக் கிளை பிரியும் நேரத்தில் இந்த வேலை எதையும் தொடாதீர்கள். கிளை பிரிந்த மறுவாரம் செய்தால் சோதிக்க முழுக் காலாண்டு கையில் இருக்கும்.

உங்கள் பேக்கேஜுக்கு இன்றே செய்யக்கூடியது: அடைவுக்குள் போய் "பிமேக் ஷோ-ஆப்ஷன்ஸ்" ஓட்டுங்கள். என்னென்ன ஆப்ஷன் உண்டு, டிஃபால்ட்டில் எவை ஆன், இப்போது எவை ஆன் என்று விவரத்தோடு காட்டும். ஒவ்வொரு வரியிலும் விவரம், அந்த மென்பொருளை அறியாதவருக்கும் புரிகிறதா என்று படித்துப் பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் ஆஃப் செய்து ஒரு முறை, எல்லாவற்றையும் ஆன் செய்து ஒரு முறை, டிஃபால்ட்டில் ஒரு முறை கட்டுங்கள். 1024-ஐயும் ஓட்ட முடியாது, ஆனால் மறந்துபோன எல்ஸ் கிளைகளும் கோப்புப் பட்டியல் பிழைகளும் பெரும்பாலும் இந்த மூன்றிலேயே சிக்கிவிடும். லினக்ஸில் ஒரு தடவை, நெட்பிஎஸ்டியில் ஒரு தடவை செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. மேக் கையில் இல்லையென்றால் அஞ்சல் குழுவில் கேளுங்கள், ஓட்டிப் பார்த்துச் சொல்ல ஆள் இருப்பார்கள்.