கோலின் முனையில்

அன்பு சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு 73 வயது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் கர்த்தருக்குள் போய் ஆறு வருஷம் ஆகிறது. மகன் வீட்டில் இருக்கிறேன், குறை ஒன்றும் இல்லை. நான்கு மாதமாகக் கோல் ஊன்றித்தான் நடக்கிறேன். திருவிருந்துக்கு முன்னால் போய் முழங்கால் போட முடியவில்லை. குருவானவரே அப்பத்தையும் ரசத்தையும் எடுத்துக்கொண்டு என் பெஞ்சுக்கு வருகிறார். அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். உடம்பு கூசிப்போகிறது. போன இரண்டு தடவையும் திருவிருந்து அன்று கோயிலுக்கே போகாமல் வீட்டில் யூடியூபில் ஆராதனை பார்த்தேன். முதியோர் ஞாயிறு அன்று சால்வை போர்த்தி, காலேபைப் போல இருங்கள் என்று பிரசங்கம் செய்தார்கள். நான் காலேப் இல்லை. ‘யாருக்கும் பாரமாக வைக்காமல் எடுத்துக்கொள்ளும்’ என்றுதான் தினமும் ஜெபிக்கிறேன். முதுமையைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ள முடியாதது என் விசுவாசக் குறைவா?

பெயர் வேண்டாம்,
பாளையங்கோட்டை

அன்புள்ள டீச்சர்,

சால்வையிலிருந்து ஆரம்பிக்கிறேன். எனக்கும் போன வருஷம் ஒன்று போர்த்தினார்கள். அறுபது முடிந்ததுமே பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அங்கேயும் காலேப்தான். 85 வயதில் யோசுவாவிடம் போய், மோசே அனுப்பிய நாளில் இருந்த பெலன் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது, அந்த மலைநாட்டைத் தாரும் என்று கேட்டவர். நல்ல மனிதர். ஆனால் மூட்டு தேய்ந்த இருபது பேரை முன்வரிசையில் உட்காரவைத்து அவர் கதையைச் சொல்வது, பரீட்சையில் தவறிய பிள்ளைகளைக் கூப்பிட்டு முதல் மார்க் வாங்கியவனின் பெருமையைப் பேசுகிற மாதிரி. நீங்கள் வகுப்பில் அப்படிச் செய்திருக்க மாட்டீர்கள்.

வேதத்தில் எல்லாரும் காலேப் இல்லை. ஈசாக்குக்குக் கண் மங்கி, முன்னால் நிற்பது எந்த மகன் என்று தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆசாரியனான ஏலிக்கு 98 வயதில் பார்வையே இல்லை. தாவீது ராஜாவுக்குக் குளிர் விடவில்லை. அவருக்கும் போர்த்தித்தான் பார்த்தார்கள். பிரசங்கி 12-ஆம் அதிகாரத்தில் கிழ உடம்பு பாழடைந்த ஒரு வீடாகவே வருகிறது. காவலாளிகள் தள்ளாடுகிறார்கள் என்றால் கை நடுக்கம். ஏந்திரம் அரைக்கிறவர்கள் கொஞ்சமாகிவிட்டார்கள் என்றால் பல். பலகணி வழியாகப் பார்க்கிறவர்கள் இருண்டுபோனது கண். வாதுமை மரம் பூத்தது நரை என்பார்கள்; அந்த நாட்டில் அது குளிர்காலத்திலேயே, இலை வருவதற்கு முன்னால், மரம் முழுக்க வெளுப்பாகப் பூக்கும். அப்புறம் ‘வெட்டுக்கிளியும் பாரமாகி’ என்று ஒன்று. ஒரு வெட்டுக்கிளி என்ன கனம் இருந்துவிடப் போகிறது? துவைத்த துண்டைக் கொடியில் போடக் கை எழும்பாமல் நின்ற ஒரு நாளில்தான் எனக்கு அது விளங்கியது. இதை எழுதியவர் முதுமை இனிக்கிறது என்று எங்கும் சொல்லவில்லை. உங்களுக்குக் கசந்தால் அதை விசுவாசக் குறைவு என்று நான் எப்படிச் சொல்வேன்?

கோலுக்கு வருகிறேன். எபிரெயர் 11-இல் விசுவாசிகளின் பட்டியல் இருக்கிறதே, அதில் ஆபிரகாமுக்கு மகனைப் பலியிடப் போன மோரியா மலை, மோசேக்கு எகிப்தை விட்டுப் புறப்பட்டது. யாக்கோபுக்கு எதை எழுதியிருக்கலாம்? யாப்போக்கு ஆற்றங்கரையில் விடிய விடியப் போராடி, தொடைச்சந்து சுளுக்கியும் பிடியை விடாமல், ஆசீர்வதித்தாலொழிய விடமாட்டேன் என்றாரே, அதை எழுதியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, மரணகாலத்தில் பேரன்கள் இருவரையும் ஆசீர்வதித்து, ‘தன் கோலின் முனையிலே சாய்ந்து தொழுதுகொண்டான்’ என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்கள். (ஆதியாகமம் 47-இல் கட்டிலின் தலைமாடு என்று இருக்கும். எபிரெயத்தில் கட்டிலுக்கும் கோலுக்கும் மெய்யெழுத்துகள் ஒன்றுதான். கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் கோல் என்று வாசித்தார்கள். எனக்குக் கோல்தான் பிடிக்கும்.) 147 வருஷம் வாழ்ந்தவர். அத்தனை வருஷத்திலும் அவர் விசுவாசத்துக்குச் சாட்சியாக எடுத்தது, கண் மங்கிய கிழவர் கோலில் சாய்ந்திருந்த அந்த ஒரு பொழுதை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘பாரம்’ என்ற சொல். ஏறக்குறைய உங்களைப் போலவே பேசிய ஒருவர் உண்டு. பர்சிலா, 80 வயது, தாவீது ராஜா ஊரைவிட்டு ஓடிய நாட்களில் சாப்பாடு கொடுத்துப் பராமரித்தவர். தாவீது அவரைத் தன்னோடு எருசலேமுக்கு அழைக்கிறார். சாப்பாட்டில் ருசி தெரியாது, பாட்டுச் சத்தம் காதில் விழாது, ராஜாவுக்கு நான் எதற்குப் பாரமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, தனக்குப் பதிலாகக் கிம்காம் என்பவரை அனுப்பிவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறார். கௌரவமான மனிதர், எனக்குப் பிடித்தவர். ஆனால் ஏசாயா 46-ஐயும் கூடவே வாசியுங்கள். பாபிலோனின் தெய்வங்களான பேலையும் நேபோவையும் மிருகங்களின்மேல் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சுமக்கிற மிருகங்கள் களைத்துப்போகின்றன. அதை ஒட்டித்தான், ‘நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்’ என்று கர்த்தர் சொல்வது வருகிறது. அதற்கு முந்தின வசனத்தில், தாயின் வயிற்றில் தோன்றினது முதலே ஏந்தி வந்திருக்கிறேன் என்கிறார். யாருக்கும் பாரமில்லாத வயது என்று ஒன்று நமக்கு எப்போது இருந்தது? நடுவில் கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தை நடத்தி, வீட்டையும் நடத்தியதில் மறந்துபோய்விட்டோம்.

என் அம்மாவுக்குக் கடைசி மூன்று வருஷம் வலது தோளைத் தூக்க முடியாது. சட்டை போட்டுவிட நான் போனால், ‘நீ போ, நான் பாத்துக்கிடுவேன்’ என்று கதவைச் சாத்திவிடுவார். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால், ஒரு கை மட்டும் நுழைந்த சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நான் எரிந்து விழுந்த நாட்களும் உண்டு. ஒருநாள் காலையில் நான் உள்ளே போனதும், ஒன்றும் பேசாமல் இரண்டு கைகளையும் முடிந்த அளவுக்கு முன்னால் நீட்டினார். வலது கை கொஞ்சம் தாழ்ந்து நின்றது. நான் சட்டையை மாட்டிக் கொக்கிகளைப் போட்டேன். கீழ்க் கொக்கிக்குக் குனிந்தபோது இடது கையை என் தலையில் வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. அதுவரை நான் அம்மாவுக்குச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

‘நீ முதிர்வயதுள்ளவனாகும்போது உன் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டி’ என்று இயேசு பேதுருவிடம் சொன்னது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. அது பேதுருவின் மரணத்தைக் குறித்தது என்று யோவானே அடுத்த வசனத்தில் எழுதிவிட்டார். நான் இழுத்துப் பொருத்துகிறேன், தெரியும். ஆனாலும், கையை நீட்டப்போகிற அந்த வயதைச் சொல்லி முடித்தபிறகுதான் ‘என்னைப் பின்பற்றி வா’ என்கிறார்.

உங்கள் ஊரிலிருந்து டோனாவூர் ரொம்பத் தூரம் இல்லை. அங்கே பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தபோது அவருக்கு 63 வயது. 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான். அதுவரை பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவரை, 20 வருஷம் அந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். படுக்கையிலிருந்தும் எத்தனை புத்தகம் எழுதினார் பாருங்கள் என்பார்கள். உண்மைதான், ஆனால் அதுவும் காலேப் பிரசங்கமாகிவிடும். எனக்குப் பிடித்தது அவர் கல்லறை. பெயர்க்கல் கிடையாது. பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கிற ஒரு கல்தொட்டி, அதில் ‘அம்மா’ என்று மட்டும்.

சரி, திருவிருந்து. முதல் திருவிருந்தில் யாரும் எழுந்து முன்னால் போய் முழங்கால் போடவில்லை. பந்தியில் அவரவர் இருந்த இடத்துக்குத்தான் அப்பம் வந்தது. உங்கள் குருவானவர் பீடத்திலிருந்து இறங்கி வருவது அப்படித்தான். இந்த மாதம் யூடியூப் வேண்டாம், நேரில் போங்கள். கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ள வேண்டாம். நடைபாதை ஓரமாக உட்கார்ந்தால் கோலைப் பெஞ்சில் சாய்த்து வைக்கலாம், ஜெபத்தின் நடுவே கீழே விழுந்து சத்தம் போடாது. போகுமுன் கோலின் முனையில் இருக்கிற ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மொசைக் தரையில் வழுக்கும். மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது.

அன்புடன்.