சின்னதில ஆசையா வாசிச்ச, பிறகு சர்ச்சையான படப் புத்தகம் எதையாவது பெரிய ஆளான பிறகு திரும்ப வாசிச்சிருக்கிறீங்களா?

ஓம், லிட்டில் பிளாக் சாம்போ. ஹெலன் பானர்மேன் எண்ட ஸ்கொட்லாந்துப் பொம்பிள எழுதி, படமும் தானே கீறி 1899ல லண்டனில வந்த புத்தகம். புருஷன் இந்தியாவில அரசாங்க டொக்டர், மெட்ராஸில கனகாலம் இருந்த குடும்பம், தன்ர பொம்பிளப்பிள்ளையள் ரெண்டுக்கும் எண்டு எழுதின கதை.

எங்கட வீட்டுக்கு அது வந்தது அம்மப்பாவால. அவர் திருகோணமலை டொக்யாட்டில வேலை செய்தவர், 1957ல பிரிட்டிஷ் நேவி போகேக்குள்ள ஒரு குடும்பம் குடுத்திட்டுப் போன சாமான்களோட இதுவும் வந்ததாம். எங்களுக்கு இங்கிலிஷ் விளங்காது, அவர் படத்தக் காட்டிக் காட்டித் தமிழில சொல்லுவார்.

கதை இதுதான். ஒரு பொடியன், அம்மா தைச்ச சிவப்புக் கோட்டும் நீலக் காற்சட்டையும், அப்பா பசாரில வாங்கின பச்சைக் குடையும் ஊதாச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு காட்டுக்குள்ள போறான். நாலு புலி ஒண்டுக்குப் பின்னால ஒண்டா மறிச்சு சாப்பிடப் போறன் எண்டுதுகள், அவன் ஒவ்வொண்டாக் குடுத்துக் குடுத்துத் தப்புறான். சப்பாத்து கிடைச்ச புலிக்குத்தான் பிரச்சினை, அதுக்கு நாலு கால், சப்பாத்து ரெண்டு. காதில போடு எண்டுவான் பொடியன்! அந்த இடம் வந்தா அம்மப்பா ரெண்டு கையையும் காதுக்கு மேல தூக்கி வச்சுக்கொண்டு புலி மாதிரியே நடந்து காட்டுவார். பிறகு ஆர் வடிவு எண்டு நாலும் சண்டை பிடிச்சு, ஒண்டின்ர வால ஒண்டு கடிச்சு, மரத்தச் சுத்தி ஓடி ஓடி உருகி நெய்யாப் போயிரும், அந்த நெய்ய அப்பா பித்தளைப் பானையில அள்ளிக்கொண்டு வர அம்மா அதில பான்கேக் சுட்டுக் குடுக்க பொடியன் மட்டும் 169 சாப்பிடுவான். பான்கேக்க அம்மப்பா தோசை எண்டுதான் சொல்லுவார்.

போன வருசம் நெட்டில ஸ்கேன் பண்ணினதப் பாத்து முழுசா வாசிச்சன். கதை இப்பவும் அருமை, அதில ஒரு குறையும் சொல்லமாட்டன், பலசாலிக்கு முன்னால ஒரு சின்னப் பிள்ளை மூளையால தப்புற கதை. ஆனா படம் மனசக் குத்துது. நெய், பசார், புலி எல்லாம் எங்கட பக்கத்துச் சாமான், பொடியன்ர முகம் மட்டும் வெள்ளைக்காரன் கறுப்பாக்கள நக்கலடிக்கக் கீறுற முகம், உருண்ட முழி, காது வரைக்கும் வாய். தாய் தகப்பனுக்கு மம்போ, ஜம்போ எண்டு பேர், இங்கிலிஷில மம்போ ஜம்போ எண்டா அர்த்தமில்லாத உளறல்.

பானர்மேன் கெட்ட எண்ணத்தில செய்யேல்ல எண்டு கனபேர் சொல்லுவாங்க, அது சரியா இருக்கலாம், ஆனா அவங்கட எண்ணம் புத்தகத்தோட கப்பல் ஏறிப் போகேல்லையே. புத்தகத்தின்ர உரிமைய 5 பிரிட்டிஷ் பவுண்ட்ஸுக்கு வித்தாச்சு, அதுக்குப் பிறகு அமெரிக்காவில ஆர் ஆரோ தங்கட இஷ்டத்துக்குக் கீறி அச்சடிச்சாங்க, சிலது மூலப் படத்த விட மோசம். அங்க சாம்போ எண்ட பேரே கறுப்பாக்கள இழிவாக் கூப்பிடுற பேர். வெள்ளைப் பிள்ளைக்கு இது வேடிக்கை, ஏற்கனவே காயப்பட்ட கறுப்புப் பிள்ளைக்கு இன்னொரு காயம் எண்ட கருத்தில அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1932லயே எழுதிட்டார்.

இது அமெரிக்காப் பிரச்சினை, எங்களுக்கென்ன எண்டு கேக்கிறவங்களுக்கு ஒண்டு சொல்றன். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரிட்டிஷ்காரர் கொண்டுவந்த ஆப்பிரிக்க ஆக்கள்ர வம்சம் திருகோணமலையிலயும் இருக்கு. எங்கட வகுப்பில சுருட்டை முடியோட ஒரு பிள்ளை இருந்தவ, இந்தக் கதை வகுப்பில பரவின பிறகு அவவுக்கு பட்டப்பேர் சாம்போ. பிறகு ஒரு நாளும் அவ இன்டேவல் நேரம் வெளிய வரேல்ல, மேசையிலயே தலைய வச்சுக்கொண்டு இருப்பா. எழுதினவவும் எங்கட வகுப்பும் எங்க எங்கயோ, ஆனா குத்தினது அந்தப் படம்தான்.

எங்கட வீட்டில அது வேற விதமாவும் பயம் காட்டினது. 80களின்ர கடைசியில, சண்டைக் காலத்தில, ஆமி ரவுண்டப், அதாவது ஊரச் சுத்தி வளைச்சு வீடு வீடாத் தேடுறது, எண்டு கேள்விப்பட்டா அம்மம்மா முதல் வேலையா அந்தப் புத்தகத்த எடுத்து அரிசி வாளிக்குள்ள தாட்டு வைப்பா, ஏனெண்டா பக்கத்துக்குப் பக்கம் புலி, விடுதலைப் புலிகளின்ர சாமான் எண்டு நினைச்சிடுவாங்களோ எண்ட பயம். இப்ப ஆரும் கேட்டா நம்பமாட்டாங்க, அண்டைக்கு வீட்டில ஒருத்தரும் அதப் பகிடியா எடுக்கேல்ல. புலிக்கு சப்பாத்துக் கீறின மெட்ராஸ் டொக்டர்ர மனிசிக்கு இப்பிடி ஒரு ஊரும் காலமும் வரும் எண்டு தெரிய வாய்ப்பே இல்ல. அதனாலதான் சொல்றன், ஒரு படம் நல்லதா கெட்டதா எண்டத கீறினவர்ர மனச மட்டும் வச்சுத் தீர்க்கேலாது, அது ஆற்ற கையில போய்ச் சேருது எண்டதையும் பாக்கோணும்.

அதுக்காக ஒழிச்சுக்கட்டு எண்டும் சொல்லமாட்டன். ஜப்பானில 1988ல எதிர்ப்பு வந்து நிப்பாட்டி, 2005ல திரும்ப அச்சடிச்சாங்க. எனக்குப் பிடிச்ச வழி 1996ல ஃப்ரெட் மார்செலினோ செய்தது, வசனம் ஏறத்தாழ அப்பிடியே, பேர மாத்தி இந்தியப் பிள்ளையா வடிவாக் கீறியிருக்கார், லிட்டில் பாபாஜி எண்டு பேர். கனடாவில இருக்கிற அக்கா அனுப்பி வச்சா, என்ர மகளுக்கு அதத்தான் வாசிச்சுக் காட்டுறன், சப்பாத்துக் காதில ஏறினதும் அவளும் அந்த மாதிரிச் சிரிக்கிறாள்.

சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடெண்டா பாபாஜிய வாங்குங்க. பழையதுக்கு காப்புரிமை முடிஞ்சுது, நெட்டில சும்மாவே எடுக்கலாம், ஆனா அது பதினாலு பதினைஞ்சு வயசில போதும், அதுவும் தனிய விடாம பக்கத்தில இருந்து, ரெண்டையும் ஒண்டா விரிச்சு வச்சுக் காட்டுங்க.