போர்ட் அடைபட்ட வீட்டிலிருந்து வலைத்தளம்: கேள்வி-பதில்

சொந்த வலைத்தளத்தை வீட்டுக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் ஆசைக்கு வயது வரம்பு கிடையாது போலிருக்கிறது. இம்முறை வந்த கேள்விகளில் பாதி கல்லூரி மாணவர்களுடையவை, மீதி பணி ஓய்வு பெற்றவர்களுடையவை. நடுவயதுக்காரர்கள் வாடகை சர்வருக்குப் பணம் கட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய எல்லாரும் "போர்ட்டை அடைத்துவிட்டார்கள்" என்ற புகாரோடுதான் தொடங்குகிறார்கள். கணினிக்கு வரும் இணைப்பு எந்தச் சேவைக்கு என்று காட்டும் வாசல் எண்தான் போர்ட்; வலைத்தளத்துக்கு வழக்கமாக 80, பூட்டுச் சின்னம் உள்ளதற்கு 443. ஆனால் விவரத்தைப் படித்தால், பலருக்குப் போர்ட் அடைபட்டதாகவே தெரியவில்லை. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. அதனால் முதல் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

ராஸ்ப்பெர்ரி பை என்ற சிறு கணினியில் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் மென்பொருளை நிறுவி, ரவுட்டரில் 80, 443 இரண்டு போர்ட்களையும் அதற்குத் திருப்பிவிட்டேன். வீட்டு வைஃபையில் தளம் திறக்கிறது, மொபைல் டேட்டாவில் திறக்கவில்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் "எங்கள் பக்கம் எந்தத் தடையும் இல்லை" என்கிறார்கள். பொய்தானே? – மதுரை வாசகர்

அநேகமாக உண்மையைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைய இணைப்பின் நிலையைக் காட்டும் பகுதிக்குப் போய், அங்கே உள்ள ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு "என் ஐபி என்ன" என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் உங்களுக்கென்று ஒரு பொது முகவரி இருக்கிறது. வேறுபட்டால், அதிலும் ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட் எனப்படும் கூட்டு முகவரிக்குப் பின்னால் இருக்கிறீர்கள். 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். 192.168 என்றிருந்தால் ஆறுதல்: உங்கள் ரவுட்டருக்கு முன்னால் பைபர் பெட்டியே இன்னொரு ரவுட்டராக வேலை செய்கிறது. அதை வெறும் பாலமாக மட்டும் இயங்கும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு முகவரியை மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிஜிநாட்டை அடுக்குமாடிக் குடியிருப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது குடும்பங்களுக்குத் தெருவில் ஒரே கதவு எண். வீட்டு எண் எழுதாத தபால் வந்தால் காவலாளி யாரிடம் கொடுப்பார்? ரவுட்டரில் போர்ட் திருப்புவது உங்கள் வீட்டு வாசலைத் திறந்து வைப்பது மாதிரி. தபால் கீழ்த்தளத்தைத் தாண்டினால்தானே அது பயன்படும்?

இந்த நிலைமைக்குக் காரணம் பஞ்சம். பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி முகவரிகள்தான். உலகப் பொது இருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. ஆசிய பசிபிக் பதிவகம் அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுதியைத் தொட்டது. 2012இல் சேவை நிறுவனங்களின் உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டதுதான் அந்த 100.64 வரிசை.

எனவே அடுத்த முறை அழைக்கும்போது "போர்ட் தடை உண்டா" என்று கேட்காதீர்கள். "எனக்குப் பொது ஐபி கிடைக்குமா, ஸ்டேடிக் (மாறாத) ஐபிக்கு மாதம் எவ்வளவு" என்று கேளுங்கள். கிடைக்கும் பொது ஐபி அடிக்கடி மாறுவதாக இருந்தாலும் பாதகமில்லை. டக்டிஎன்எஸ் போன்ற இலவசச் சேவை பெயரையும் எண்ணையும் பொருத்திக்கொண்டே இருக்கும்.

இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தும் தளம் திறக்கவில்லையா? 8080ஆம் போர்ட்டையும் அதே கணினிக்குத் திருப்பிச் சோதியுங்கள். 8080இல் திறந்து, 80இல் திறக்காவிட்டால் அப்போதுதான் போர்ட் அடைப்பு. இரண்டிலும் திறக்காவிட்டால் உங்கள் ரவுட்டர் அமைப்பையோ கணினியின் ஃபயர்வாலையோ சந்தேகப்படுங்கள். சோதிக்கும் கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டீர்களா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு சனி, ஞாயிறு முழுவதும் ரவுட்டரை மூன்று முறை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோன பிறகுதான் அந்த ஐபி வரியைக் கவனித்தேன். 100.71 என்று எனக்காகவே காத்திருந்தது.

காசு வாங்கிக்கொண்டு இணைப்பு கொடுப்பவர்கள் 80ஆம் போர்ட்டை ஏன் அடைக்க வேண்டும்? – திருச்சி

கொஞ்சம் வியாபாரம், கொஞ்சம் சூடுபட்ட அனுபவம். வணிக இணைப்பை அதிக விலைக்கு விற்பவர்களுக்கு வீட்டு இணைப்பில் சர்வர் ஓடுவது பிடிக்காது. ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளில் அந்தத் தடை பல நேரம் எழுதியே இருக்கும், படித்துப் பாருங்கள். சூடு பட்டது 2001இல். அந்த ஜூலையில் கோட் ரெட் என்ற புழு மைக்ரோசாஃப்டின் வலை சர்வர் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக 80ஆம் போர்ட்டில் புகுந்து, 14 மணி நேரத்துக்குள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பிடித்தது. தங்கள் கணினியில் சர்வர் ஓடுகிறது என்பதே தெரியாதவர்களும் அதில் மாட்டினார்கள். வீட்டு இணைப்புகளுக்கு 80ஐ மூடும் வழக்கம் பல நிறுவனங்களுக்கு வந்தது அதையொட்டித்தான்.

8080இல் தளம் நன்றாக ஓடுகிறது. ஆனால் பூட்டுச் சின்னம் வேண்டும் என்றால் சான்றிதழ் கிடைக்கவில்லை. – பொறியியல் மாணவி, சேலம்

லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் சேவை, சான்றிதழ் தருவதற்கு முன் அந்த டொமைன் உங்களுடையதுதானா என்று சோதிக்கும். சாதாரண முறையில் 80ஆம் போர்ட்டுக்கு வந்து கதவைத் தட்டும். வேறு எண்ணைச் சொன்னால் கேட்காது. இன்னொரு முறை 443இல் தட்டும். உங்களுக்குத் தேவை மூன்றாவது முறை, டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணோடு பொருத்தும் பதிவேடு) வழிச் சோதனை. டொமைனின் டிஎன்எஸ் பதிவில் அவர்கள் கொடுக்கும் ஒரு சொல்லை எழுதி வைத்தால் போதும், உங்கள் வீட்டுப் பக்கமே வர மாட்டார்கள். சான்றிதழுக்கு ஆயுள் குறைவு, இப்போதைக்கு 90 நாள். ஆகவே இதைக் கையால் செய்யாதீர்கள். தானாகப் பதிவை மாற்ற அனுமதிக்கும் டிஎன்எஸ் சேவையாகத் தேர்ந்தெடுங்கள். பிறகு 8443இல் பூட்டோடு தளத்தை ஓட்டலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். முகவரியின் கடைசியில் எண் போட்ட தளங்கள் பல அலுவலக வலையமைப்புகளில் திறக்காது. அங்கே வெளியே போகவும் 80, 443 மட்டுமே அனுமதி. அடுத்து, கைக்கு வந்த எண்ணைப் போடாதீர்கள். 6000, 5060, 6665 முதல் 6669 வரை, 10080 போன்ற சில எண்களைக் குரோம் பாதுகாப்பற்றவை என்று தானே மறுத்துவிடும். இதை அறியாமல் 6000இல் சர்வரை வைத்துவிட்டு சேவை நிறுவனத்தைத் திட்டியவர்கள் உண்டு.

கிளவுட்ஃப்ளேர் டனல் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்கிறார்கள். நடுவில் இருப்பவர் என் தளத்தைப் படிக்க முடியுமா? வேறு வழி இருக்கிறதா? – ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

நல்ல கேள்வி. முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அடைப்பு, சிஜிநாட் இரண்டுமே வெளியிலிருந்து உள்ளே வருவதைத்தான் தடுக்கின்றன. உள்ளிருந்து வெளியே போவதை யாரும் தடுப்பதில்லை. தடுத்தால் நீங்கள் இணையமே பார்க்க முடியாது. டனல் செய்வது இவ்வளவுதான்: உங்கள் வீட்டுக் கணினி தானாகவே வெளியே போய் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சர்வரோடு ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறது. பார்வையாளர் அவர்களிடம் வருகிறார். அவர் கேட்டது, ஏற்கெனவே பிடித்து வைத்த அந்தக் கயிற்றின் வழியாக உங்களிடம் இறங்குகிறது. ரவுட்டரைத் தொடவே வேண்டாம். 2021 ஏப்ரல் முதல் இது இலவசம். உங்கள் டொமைனின் டிஎன்எஸ் நிர்வாகத்தை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

படிக்க முடியுமா? முடியும். பூட்டுச் சின்னத்தின் பூட்டு அவர்கள் இடத்தில்தான் திறக்கப்படுகிறது. நீங்கள் எழுதும் இலக்கணக் குறிப்புகள் ஊர் உலகமே படிப்பதற்கானவை, அதனால் கவலையில்லை. குடும்பப் புகைப்படங்களோ கடவுச்சொல் போட்ட நாட்குறிப்போ என்றால் யோசியுங்கள். இலவசத் திட்டத்தில் ஒரே தடவையில் 100 எம்பிக்கு மேல் பதிவேற்ற முடியாது என்பதும் புகைப்படத் தளம் வைப்பவர்களைக் கடிக்கும். 2025 நவம்பர் 18 அன்று அந்த நிறுவனத்தில் ஏற்பட்ட கோளாறில் உலகெங்கும் பெரிய பெரிய தளங்களே சில மணி நேரம் படுத்தன; உங்கள் வீட்டுக் கணினி சும்மா விழித்திருந்தாலும் தளம் தெரிந்திருக்காது.

மாற்று வழி, மாதம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய வாடகை சர்வர். அதற்குப் பொது ஐபி உண்டு. வீட்டுக் கணினியிலிருந்து அதற்கு வயர்கார்ட் என்ற மறையாக்கச் சுரங்க இணைப்பு போடுங்கள். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் அது லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. வாடகை சர்வரின் 443க்கு வருவதை அவிழ்க்காமல் அப்படியே வீட்டுக்குத் தள்ளச் சொல்லுங்கள். சான்றிதழும் சாவியும் வீட்டிலேயே இருக்கும், நடுவில் இருப்பவருக்குக் கிடைப்பது மூடிய உறை மட்டும். மறக்கக் கூடாதது ஒன்று: வீட்டுப் பக்க அமைப்பில் 25 நொடிக்கு ஒருமுறை உயிர்த்துடிப்பு அனுப்பும் வரியைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் உள்ள நாட் பெட்டி (பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைப்பது) உங்களை மறந்துவிடும், காலையில் திறந்த தளம் மதியம் திறக்காது. இன்னொரு சங்கடம், எல்லாப் பார்வையாளரும் வாடகை சர்வரின் ஐபியிலிருந்தே வந்தது போலப் பதிவேட்டில் தெரியும். ப்ராக்ஸி புரோட்டோகால் என்ற வசதியை இரு முனையிலும் இயக்கினால் அது சரியாகும்.

"வாடகை சர்வர் எடுத்த பிறகு தளத்தை அதிலேயே வைத்துவிடலாமே" என்பீர்கள். சிறிய தளத்துக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஒரு டெராபைட் புகைப்படம் இருந்தால் அங்கே வட்டு வாடகை கட்டுப்படியாகாது.

சொந்த டொமைன் வேண்டாம் என்றால் டெய்ல்ஸ்கேல் ஃபனல் என்ற டனல் சேவை இன்னும் எளிது. அதிலும் பூட்டு உங்கள் கணினியில்தான் திறக்கும். முகவரி மட்டும் அவர்கள் கொடுப்பதாக இருக்கும். உங்களுக்கு என் ஆலோசனை: டனலில் தொடங்குங்கள், கை பழகிய பிறகு வயர்கார்டுக்கு மாறுங்கள்.

ஐபிவி6 இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று படித்தேன். என் கைபேசியில் தளம் திறக்கிறது, அலுவலக நண்பருக்குத் திறக்கவில்லை. – கோவை

நண்பரின் அலுவலகத்தில் ஐபிவி6, அதாவது முகவரிப் பஞ்சமில்லாத புதிய முறை, இல்லை. ஐபிவி6 முகவரி மட்டும் உள்ள தளத்தை அப்படிப்பட்ட இடத்திலிருந்து பார்க்கவே முடியாது. மற்றபடி நீங்கள் படித்தது சரி: வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி கிடைக்கும், போர்ட் திருப்ப வேண்டியதில்லை, ஃபயர்வாலில் அனுமதி கொடுத்தால் போதும். நம்மூர் மொபைல் இணைப்புகளில் ஐபிவி6 பரவலாக இருப்பதால் கைபேசி வாசகர்களுக்கு வேலை செய்யும். எல்லாருக்கும் வேண்டுமென்றால் மேலே சொன்ன டனலும் வேண்டும்.

வெளியே எல்லாருக்கும் திறக்கிறது, என் வீட்டுக்குள் மட்டும் திறக்கவில்லை! – தஞ்சாவூர்

வெளியே போய் அதே வாசலில் திரும்பி வருபவரை உங்கள் ரவுட்டர் அனுமதிக்கவில்லை. அமைப்புகளில் நாட் லூப்பேக் அல்லது ஹேர்பின் என்று இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் வீட்டுக் கணினிகளில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைனுக்கு எதிரே சர்வரின் உள் முகவரியை எழுதிவிடுங்கள்.

இதே கணினியில் மின்னஞ்சல் சர்வரும் வைக்கலாமா? – காரைக்குடி

வேண்டாம். மின்னஞ்சல் போகும் 25ஆம் போர்ட் பெரும்பாலும் மூடியிருக்கும். திறந்திருந்தாலும் வீட்டு ஐபி வரிசைகள் ஸ்பாம்ஹவுஸ் போன்ற குப்பை அஞ்சல் தடுப்புப் பட்டியல்களில் ஏற்கெனவே ஏறியிருக்கும். உங்கள் கடிதம் போய்ச் சேராது, சேரவில்லை என்பது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

தளத்தை யாருக்கும் சொல்லவில்லை. சான்றிதழ் வாங்கிய சில நிமிடங்களிலேயே எங்கிருந்தெல்லாமோ வந்து வேர்ட்பிரஸ் நுழைவுப் பக்கத்தைக் கேட்கிறார்கள். என்னிடம் வேர்ட்பிரஸே இல்லை. பயமாக இருக்கிறது. – நாகர்கோவில்

நீங்கள் சொல்லவில்லை, சான்றிதழ் சொல்லிவிட்டது. வழங்கப்படும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன. அதை நாள் முழுக்க வாசித்துக்கொண்டிருக்கும் நிரல்கள் புதிய பெயர் தெரிந்தவுடன் ஓடி வருகின்றன. உங்கள் மீது தனி வஞ்சம் ஒன்றும் கிடையாது. இல்லாத பக்கத்தைக் கேட்டுவிட்டு 404 வாங்கிக்கொண்டு போகட்டும். நீங்கள் செய்ய வேண்டியது: மென்பொருளைத் தானாகப் புதுப்பிக்க விடுங்கள்; தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் 22ஆம் போர்ட்டை வெளியே திறக்காதீர்கள்; ரவுட்டரில் கருவிகள் தாமாகவே போர்ட் திறக்க விடும் யுபிஎன்பி வசதியை அணையுங்கள்; முடிந்தால் சர்வரை விருந்தினர் வைஃபை வலையமைப்பில் தள்ளி வையுங்கள், வீட்டுக் கணினிகளை அது பார்க்க முடியாதபடி. எழுத்தும் படமும் மட்டும் உள்ள நிலையான பக்கங்களாகத் தளத்தைக் கட்டினால் உடைப்பதற்கும் அதிகம் இருக்காது.

.இந்தியா என்று முடியும் தமிழ் டொமைன் வாங்கினேன். பெயரை அப்படியே என்ஜின்எக்ஸ் அமைப்பில் எழுதினேன், வேறு பக்கம் திறக்கிறது. – புதுச்சேரி

உலாவி தமிழ்ப் பெயரை அனுப்புவதில்லை. பனிகோட் என்ற முறையில், எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றித்தான் அனுப்புகிறது. சர்வரிலும் அந்தக் கோவையையே எழுதுங்கள்.

நாள் முழுக்க ஓடினால் மின்கட்டணம் எவ்வளவு ஏறும்? மின்வெட்டுக்கு என்ன செய்வது? – விழுப்புரம்

ராஸ்ப்பெர்ரி பை சுமார் 5 வாட் எடுப்பதாக வைத்தால் இரு மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம். பழைய மடிக்கணினி 20 வாட் என்றால் ஏறக்குறைய 29 யூனிட். ஆனால் மடிக்கணினியின் பேட்டரியே மின்வெட்டைச் சமாளிக்கும். சர்வர் மட்டும் விழித்திருந்து பயனில்லை, பைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். ராஸ்ப்பெர்ரி பையில் மெமரி கார்டை நம்ப வேண்டாம். திடீர் மின்வெட்டில் என்னுடையது ஒன்று எழுத்துகளோடு போய்விட்டது, அன்றிலிருந்து எஸ்எஸ்டிதான். மடிக்கணினி என்றால், மூடியை மூடினால் தூங்கிவிடும் அமைப்பை முதலில் மாற்றுங்கள். மேசையைத் துடைக்கிறேன் என்று வீட்டில் யாராவது அதை மூடிவைப்பார்கள்.