மாத்திரையை நிறுத்தினேன், முடி கொட்டுகிறது!

கேள்வி: எனக்கு வயது 29. நான்கு வருடம் கருத்தடை மாத்திரை சாப்பிட்டேன். நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. மூன்றாம் நாளே பீரியட்ஸ் வந்தது. 40 நாள் கழித்து இன்னொரு முறை. அதன்பின் 50 நாளாக வரவே இல்லை. தாடையெல்லாம் பரு, சீப்பை வைத்தாலே கொத்தாக முடி வருகிறது. மாத்திரையின் நச்சு உடம்பில் தங்கிவிட்டதா? டீடாக்ஸ் பவுடர் எடுக்கலாமா?

பதில்: மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இன்றே ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். நிறுத்திய இரண்டே வாரத்தில் கருமுட்டை வெளிவரலாம். 'கொஞ்ச நாளைக்கு மாத்திரையின் பாதுகாப்பு இருக்கும்' என்று நம்பி இருந்துவிடுகிறவர்கள் நிறைய. அப்படி எதுவும் இருக்காது.

நச்சு எதுவும் தங்கவில்லை. மாத்திரையின் ஹார்மோன் சில நாட்களிலேயே வெளியேறிவிடும்; பவுடருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். (மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டவர்கள் கதை வேறு. சுழற்சி திரும்ப ஒரு வருடம்கூட ஆகலாம்.) மூன்றாம் நாள் வந்ததும் நிஜமான மாதவிடாய் இல்லை. ஹார்மோன் சட்டென்று நின்றதால் வந்த உதிரப்போக்கு அது.

முடிக்கு வருவோம். சீப்பில் சிக்கிய முடியை எடுத்து நுனியைப் பாருங்கள். கடுகை விடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் தெரியும். வேரோடு வந்துவிட்டது என்று பயப்படுவார்கள். வேர் தலையிலேயேதான் இருக்கிறது. மாத்திரையில் இருந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பிடித்து வைத்திருந்த முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிர்கின்றன. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் வகிடு அகலமாகிக்கொண்டே போனால் அது வேறு பிரச்சினை, காட்டத்தான் வேண்டும்.

பருவும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஆண்ட்ரோஜனை (பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் இருக்கும் ஆண் ஹார்மோன்) கட்டிப்போடும் ஒரு புரதத்தை மாத்திரை கூட்டி வைத்திருந்தது. அது குறைந்ததும் ஆண்ட்ரோஜன் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது.

சரி, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் எப்படி இருந்தீர்கள்? பருவும் தள்ளிப்போகும் மாதவிடாயும் அப்போதே இருந்ததா? இருந்தால், மாத்திரை எதையும் புதிதாக உண்டாக்கவில்லை. நான்கு வருடம் மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையை (பிசிஓஎஸ்) பலரும் இப்படித்தான் தாமதமாகக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த நிலை என்றால் காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். முன்பு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது என்றால், பரிசோதனை நெகட்டிவாக இருந்தாலும் ஒரு வாரம் கழித்து மறுபடி செய்யுங்கள். அதுவும் நெகட்டிவ் என்றால், கடைசி மாதவிடாயிலிருந்து மூன்று மாதம் வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் தைராய்டு, ப்ரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), இரும்புச்சத்து மூன்றையும் பார்க்கச் சொல்வார்கள்.

குழந்தைக்காகத்தான் நிறுத்தினீர்கள் என்றால், பருவுக்குத் தோல் மருத்துவரிடம் போகும்போது அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினோயின் மாத்திரை கருவைக் கடுமையாகப் பாதிக்கும். வீட்டில் யாருக்கோ வாங்கியது மிச்சம் இருந்தாலும் தொடாதீர்கள்.